கேளுங்க, சொல்றேன்: மிலானைச் சாய்ச்ச ஆலைக்காரங்க

போன இதழ்ல, செம்பனைக்குள்ள காணாமப் போன நம்ம தோட்டத்துக் காற்பந்துத் திடல்களைப் பத்தி எழுதினப்போ கடைசியில ஒரு வரி சேர்த்திருந்தேன். "நம்ம தோட்டத்து டீம் மாதிரியே போர்ச்சுகல்ல ஒரு கம்பெனி டீம், ஏசி மிலானையே தோக்கடிச்சிருக்கு"ன்னு. அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்க இருக்கே, முழுக் கட்டுரைக்கும் சேர்த்துக்கூட அவ்வளவு வரல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. சுங்கை சிப்புட்ல ரெண்டு நாளா மழை, வெளிய போக வழியில்ல, உக்காந்து நிதானமா எழுதறேன்.

கேள்வி: ஐயா, ஏசி மிலானைத் தோக்கடிச்ச கம்பெனி டீம்னு எழுதினீங்களே, அது எந்த டீம்? உண்மையாவே நடந்ததா, இல்ல வாட்ஸ்அப்ல வந்த கதையா? (ஓய்வு பெற்ற லோரி டிரைவர், கோலா கெட்டில்)

நடந்ததுதாண்ணே. டீம் பேரு குரூப்போ டெஸ்போர்ட்டிவோ ட கூஃப். கூஃப்ங்கறது கம்பெனி பேரோட சுருக்கம், எழுத்துக்கூட்டினா சி.யு.எஃப்., முழுப்பேரு கொம்பான்யா உனியாவ் ஃபாப்ரில். ஊரு பாரெய்ரோ. அந்த ஊரு எங்க இருக்குன்னு உங்களுக்குச் சொல்றது ரொம்ப சுலபம், ஏன்னா நீங்க வடக்கத்தி ஆளு, பினாங்கு ஃபெரி ஏறி எறங்கினவரு. பினாங்குக்கு எதுத்தாப்புல பட்டர்வொர்த் எப்படியோ, லிஸ்பனுக்கு எதுத்தாப்புல, டேகஸ் ஆத்தோட தென்கரையில பாரெய்ரோ அப்படி. அந்தக் காலத்துல தெக்கே போற ரயிலு அங்கேருந்துதான் கெளம்பும், லிஸ்பன் ஆளுங்க போட்டுல ஆத்தத் தாண்டி வந்துதான் ரயில் ஏறினாங்க. ரயிலும் ஆறும் ஒரே எடத்துல இருந்தா அங்க ஃபாக்டரி வராம இருக்குமா, நம்ம பிறைக்கு வந்த மாதிரி அங்கயும் வந்துச்சு.

கொண்டாந்தவரு அல்ஃப்ரெடோ டா சில்வான்னு ஒரு முதலாளி. 1907, 1908 வாக்குல பாரெய்ரோவுல ஆலை போட ஆரம்பிச்சாரு. சோப்பு, எண்ணெய், கந்தக அமிலம், அந்த அமிலத்த வச்சு உரம், அந்த உரத்தக் கட்ட சாக்குப் பை, அந்தச் சாக்க நெய்யவும் சொந்தமா ஒரு ஆலை, அதாவது வெளிய எதையும் வாங்கக் கூடாதுங்கற கணக்கு. நம்ம தோட்டத்துல உர மூட்டை தூக்கினவங்களுக்குத் தெரியும், அந்தத் தூளு மூக்குல ஏறினா எப்படி இருக்கும்னு. அங்க ஒரு ஊரே அந்தக் காத்துல குடும்பம் நடத்துச்சு.

அந்தக் கம்பெனி ஆளுங்க சேர்ந்து 1937 ஜனவரியில ஆரம்பிச்ச டீம்தான் இது. பெரிய ஊர் இல்ல, பெரிய பேரு இல்ல. இருந்தும் 1954-ல முதல் டிவிஷனுக்கு ஏறிட்டாங்க, ஏறி இருபது வருசத்துக்கு மேல எறங்காம நின்னாங்க. போர்ச்சுகல்ல அது சாதாரணமில்லண்ணே. அங்க பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங்னு மூணு டீம்தான் காலங்காலமா கப்பப் பங்கு போட்டுக்கும், மத்தவனெல்லாம் பக்கத்துல நின்னு பாக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட லீக்ல 1964-65 சீசன்ல கூஃப் மூணாவது எடம். பென்ஃபிகா முதல், போர்ட்டோ ரெண்டு, மூணாவது இந்த ஆலைக்காரங்க, ஸ்போர்ட்டிங்கே அவங்களுக்குக் கீழதான். அந்த பென்ஃபிகாவுல யூசேபியோ ஆடிட்டு இருந்த காலம் அது.

மூணாவது வந்ததால ஐரோப்பாவுல ஃபேர்ஸ் கப்புன்னு ஒரு போட்டி, பின்னாடி யூஈஎஃப்ஏ கப்புன்னு ஆச்சே அதுக்கு மூத்தது, அதுல ஆட வாய்ப்பு கெடச்சுது. 1965-66 போட்டியில எதிர்ல வந்தது ஏசி மிலான். ரெண்டு வருசம் முன்னாடி, 1963-ல, லண்டன் வெம்ப்லியில பென்ஃபிகாவ 2-1ன்னு சாய்ச்சு ஐரோப்பிய சாம்பியன் ஆன அதே மிலான். அவங்க பாரெய்ரோவுக்கு வந்தாங்க, ஆலைக்காரங்க 2-0.

ஆனா ஒண்ணு சொல்லணும், போன இதழ்ல சொல்லாம விட்டது என் தப்புதான். தோக்கடிச்சது ஒரு ஆட்டம். மிலான்ல ஆடினப்போ அவங்க திருப்பி 2-0 போட்டுட்டாங்க, மொத்தக் கணக்கு சமம், அதனால மூணாவதா ஒரு ஆட்டம், அதுல 1-0ன்னு மிலான் ஜெயிச்சுது. கூஃப் வெளிய. ஆனா பாருங்க, மூணு ஆட்டம் ஆடி ஒரே ஒரு கோல்ல போனது. அதுவும் கம்பெனி சம்பளத்துல இருந்த பசங்க, மிலான் மாதிரி கோடீஸ்வர டீம்கிட்ட.

கேள்வி: ஒரு உரக் கம்பெனி எதுக்கு சார் காற்பந்து டீம் நடத்தணும்? தொழிலாளி மேல பாசமா, இல்ல விளம்பரமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பந்திங்)

நல்ல கேள்வி டீச்சர், இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன்.

டா சில்வா ஆலை மட்டும் போடல. தொழிலாளிக்கு வீடு கட்டினாரு, சாந்த்தா பார்பராங்கற பேர்ல ஒரு குடியிருப்பே இருந்துச்சு. கம்பெனி கடை, கம்பெனி பள்ளிக்கூடம், கம்பெனி மருந்தகம். 1945-ல லிஸ்பன்ல ஊழியர்களுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி தொறந்தாங்க. இதப் படிக்கறப்ப உங்களுக்கு எது ஞாபகம் வருது? எனக்கு லயம், ஆயக்கொட்டகை, டிரெசர் ஐயா ஆஸ்பத்திரி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எல்லாம் வரிசையா கண்ணு முன்னாடி வந்துச்சு. பொறந்ததுலேருந்து பொதைக்கற வரைக்கும் ஒரே கம்பெனி எல்லைக்குள்ள. அந்த வாழ்க்கையில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் என்ன செய்யறதுன்னு தொழிலாளி தானா யோசிக்கற நேரம், அந்த நேரத்துலதான் பந்து வந்து உக்காருது.

அந்த நாடு அப்ப சலாசாரோட சர்வாதிகாரத்துல இருந்துச்சு, அதையும் சேர்த்துப் பாக்கணும். சுதந்திரமா சங்கம் வைக்கக் கூடாது, ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது. அப்படியும் 1943-ல, யுத்த காலத்துப் பஞ்சத்துல, பாரெய்ரோ தொழிலாளிங்க வேலைய நிறுத்திட்டு வெளிய வந்தாங்க, அரசாங்கம் ஆயுதப் படைய எறக்கி ஊரையே பிடிச்சு வச்சுது. வாரநாள்ல அந்த ஊருல இப்படி ஒரு முகம், வாரக் கடைசியில அதே கம்பெனி பேரச் சொல்லி கை தட்டற இன்னொரு முகம். ரெண்டும் அதே ஆளுங்கதான். இது எப்படி முடியும்னு கேட்டா, எனக்குப் பதில் எங்க வீட்லயே இருக்கு.

எங்கப்பா தோட்டத்து டீம்ல கீப்பர். அறுபதுகள்ல. காலையில அஞ்சரைக்கு பிரட்டு, அதாவது பேர் கூப்பிடறது, அப்புறம் நெறை, அதாவது அவங்கவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த ரப்பர் மர வரிசை, மங்கு மங்கா பால் எடுத்து காண்டா வாளியில சொமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் எடை போட்டுட்டு வீட்டுக்கு வந்து சோறு, ஒரு தூக்கம், அஞ்சு மணிக்குத் திடல். கித்தா பால் வெரல்ல காஞ்சு ஒட்டியிருக்கும் பாருங்க, உரிச்சா தோலோட வரும், அத அப்பா ஆட்டம் இருக்கற அன்னைக்கு மட்டும் கழுவ மாட்டாராம். பந்து கைய விட்டு வழுக்காதுன்னு சொல்வாரு. க்ளவுஸ் ஏது அந்தக் காலத்துல. அந்தக் கையோட சோறு திங்கறாரேன்னு அம்மா சண்டை போடுவாங்க.

நல்லா ஆடறவனுக்குத் தோட்டத்துல சலுகை உண்டு. மேட்டுக்காட்டு நெறை குடுக்க மாட்டாங்க, சமதளத்துல நல்ல பால் வர்ற மரமா பாத்துக் குடுப்பாங்க. தொரை ஆட்டத்துக்கு வந்து நாக்காலி போட்டு உக்காந்து பாப்பாரு, ஜெயிச்சா தண்டல் கையில அஞ்சு வெள்ளி பத்து வெள்ளி வரும். அப்பாவுக்கு அதெல்லாம் பெரும, நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு தடவ சம்பளப் பிரச்சனையில சங்கத்து ஆளுங்க பக்கம் நின்னு நாலு வார்த்த பேசிட்டாரு. அடுத்த மாசமே மேட்டு நெறை. டீம்லயும் கீப்பருக்கு வேற ஆளு. யாரும் எதுவும் சொல்லல, காரணம் கேக்கவும் முடியல, ஜெர்சிய மட்டும் ஆள் விட்டு வாங்கிக்கிட்டாங்க. அம்மா தொவச்சு மடிச்சுக் குடுத்தாங்க.

அதனால பாசமா விளம்பரமான்னு கேட்டா, டீச்சர், ரெண்டும் இருந்துச்சு, ரெண்டுக்கும் மேல பிடி இருந்துச்சு. டீம் கம்பெனியோடது, திடல் கம்பெனியோடது, ஜெர்சி கம்பெனியோடது. ஆட்டம் மட்டும்தான் ஆடினவனோடது. அந்த ஆட்டத்துக்குத்தான் ஜனங்க கை தட்டினாங்க, கம்பெனிக்கு இல்லன்னுதான் நான் நெனைக்கறேன், பாரெய்ரோவுலயும் சரி, இங்கயும் சரி.

இன்னொண்ணு, தற்செயலா கண்ணுல பட்டது. கூஃப் முதல் டிவிஷனுக்கு ஏறின அதே 1954-லதான் நம்ம நாட்டுல தோட்டத் தொழிலாளர் சங்கங்கள்லாம் ஒண்ணா சேர்ந்து என்.யு.பி.டபிள்யூ. உருவாச்சு.

கேள்வி: அங்கிள், ரொனால்டோ இந்த டீம்ல ஆடியிருக்காரா? (படிவம் 2 மாணவன், நிபோங் திபால்)

இல்லடா தம்பி. ரொனால்டோ மடெய்ரா தீவுக்காரரு, அது கடலுக்குள்ள ரொம்ப தூரம். அங்க அந்தோரின்யாங்கற சின்ன டீம், அவங்கப்பா அந்த டீம்லதான் ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் பாத்துக்கற வேலை செஞ்சாரு. அப்புறம் நாசியோனால், அப்புறம் 12 வயசுல ஸ்போர்ட்டிங்.

ஆனா நீ டிவியில பாக்கற ஒரு ஆளு பாரெய்ரோவுலதான் பொறந்தவரு, ஜுவாவ் கான்செலோ. அவரு வெளையாடத் தொடங்கினது அதே ஊரோட இன்னொரு டீம் பாரெய்ரென்ஸே. அது 1911-லேயே ஆரம்பிச்சது, கூஃப்ப விட மூத்தது, கம்பெனி டீம் இல்ல, ஊர் டீம். ஒரு சின்ன ஊருக்கு ரெண்டு முதல் டிவிஷன் டீம், நெனச்சுப் பாரு, எங்க தெரு உங்க தெருன்னு எப்படி சண்டை போட்டிருப்பாங்க. பென்ஃபிகாவுக்கு 1961-லயும் 1962-லயும் ஐரோப்பிய கப் வாங்கிக் குடுத்த டீம்ல இருந்த ஜோசே அகுஸ்தோ, 1984-ல ஐரோப்பாவையே கெறங்க வச்ச ஷலானா, ரெண்டு பேருமே பாரெய்ரோ பிள்ளைங்க, ரெண்டு பேரும் பாரெய்ரென்ஸே வழியாத்தான் போனாங்க. கூஃப்பிலேருந்து போனவர்ல பெரிய பேரு மனுவெல் ஃபெர்னாண்டஸ், 1975-ல ஸ்போர்ட்டிங் போயி காப்டனாகி, 1986 டிசம்பர்ல பென்ஃபிகாவ 7-1ன்னு சாய்ச்ச ஆட்டத்துல அவரு ஒருத்தரே நாலு கோல் போட்டாரு. அந்த ஆட்டத்த லிஸ்பன்ல இன்னைக்கும் பேசுவாங்க. படிப்ப விட்டுடாத, ஆனா அந்த நாலு கோல் வீடியோ கெடச்சா பாரு.

கேள்வி: அவ்வளவு நல்லா ஆடின டீம் இப்ப எங்க? நம்ம தோட்டத்து டீம் மாதிரி அதுவும் அழிஞ்சிடுச்சா? எங்க தோட்டத்து டீம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியலீங்க, அதான் கேக்கறேன். (முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, கோல சிலாங்கூர்)

அண்ணே, உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன்.

1974 ஏப்ரல் 25, போர்ச்சுகல்ல ராணுவத்துல இருந்த இளைய அதிகாரிங்களே சர்வாதிகாரத்தக் கவுத்தாங்க, துப்பாக்கி முனையில ஜனங்க சிவப்புப் பூ சொருகினாங்களே அந்தப் புரட்சி. அடுத்த வருசம், 1975-ல, வங்கிங்க, பெரிய கம்பெனிங்க எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. கூஃப் கம்பெனியும் அப்படித்தான் போச்சு. 1975-76 சீசன்லயே டீம் முதல் டிவிஷன்லேருந்து எறங்கிடுச்சு. அன்னைக்கு எறங்கினது, இன்னைக்கு வரைக்கும் திரும்ப மேல வரல. கம்பெனிய வேற கம்பெனிங்களோட சேர்த்து கிமிகால்னு பேரு மாத்தினாங்க, டீமும் கிமிகால் ஆச்சு. கொஞ்ச வருசத்துல ஆலைங்க ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சுது, பொகைக்கூண்டு நின்ன எடமெல்லாம் வெறுந்தரை.

இங்கதாண்ணே அவங்க கதையும் நம்ம கதையும் பிரியுது. கம்பெனி போச்சு, டீம் போகல. 2000-ல டீமுக்கு குரூப்போ டெஸ்போர்ட்டிவோ ஃபாப்ரில்னு பேரு வச்சாங்க. ஃபாப்ரில்னா ஆலை சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம், நம்ம பேச்சுல சொல்லணும்னா 'ஆலைக்காரங்க'. ஆலையே இல்லாத ஊருல ஆலைக்காரங்கன்னு பேரு வச்சுக்கிட்டு ஆடறாங்க. கீழ் டிவிஷன்கள்லதான் ஆடறாங்க, பேப்பர்ல ஒரு மூலையில ரிசல்ட் வரும், ஆனா ஆடறாங்க. 1965-ல தொறந்த அதே திடல், முதலாளி பேருலயே இருக்கற அல்ஃப்ரெடோ டா சில்வா மைதானம், அதுலதான்.

எப்படி நின்னுச்சுன்னா, போர்ச்சுகல்ல கிளப்புன்னா அது ஒரு சங்கம். மெம்பருங்க சந்தா கட்டுவாங்க, மெம்பருங்கதான் ஓட்டு போட்டுத் தலைவரத் தேர்ந்தெடுப்பாங்க. கம்பெனி பணம் குடுத்தாலும், மெம்பர் அட்டைன்னு ஒண்ணு ஜனங்க கையில இருந்துச்சு. கம்பெனி கைய எடுத்தப்போ பிடிச்சுக்க ஒரு கயிறு இருந்துச்சு. நம்மகிட்ட அந்தக் கயிறு இல்லண்ணே. நம்ம டீமுக்கு மெம்பர் கெடையாது, ரெஜிஸ்டர் கெடையாது, பேங்க் கணக்கு கெடையாது. பெரிய கிராணி கையில ஒரு நோட்டு, ஸ்டோர்ல ஒரு பெட்டியில ஜெர்சி, அவ்வளவுதான். அவரு மாத்தலாகிப் போனா நோட்டும் போச்சு.

உங்க டீம் எங்க போச்சுன்னு கேட்டீங்க. அம்பதுகள் கடைசியிலேருந்து வெள்ளக்காரன் தோட்டங்கள வித்துட்டுக் கெளம்ப ஆரம்பிச்சான், வாங்கினவன் துண்டு துண்டா வெட்டி வித்தான், துண்டாடல்னு சொல்வோமே. ஒரு தோட்டம் பத்து பேரு கைக்குப் போனா திடல் யாரு பங்குல வரும்? வேலை போச்சு, வீடு போச்சு, அதுக்கு நடுவுல பந்தப் பத்தி யாரு பேசுவா. அதத் தடுக்கத்தான் 1960-ல துன் சம்பந்தன், எங்க ஊருக்காரரு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தொழிலாளிகிட்ட கொஞ்சம் கொஞ்சமா பங்குப் பணம் வாங்கித் தோட்டத்தையே வாங்கினாரு. தொழிலாளியும் தோட்டத்துல பங்குதாரர் ஆகலாம்னு காட்டினவரு. அந்த மாதிரி டீமுக்கும் ஒண்ணு யாராவது செஞ்சிருக்கலாமேன்னு இப்ப தோணுது, அன்னைக்கு வயித்துப்பாடே பெருசா இருந்துச்சு. அதுக்கு அப்புறம் கித்தாவ வெட்டிட்டு செம்பனை நட்டாங்க, செம்பனைக்கு அவ்வளவு ஆளு வேணாம், இருந்த ஆளும் பட்டணத்துக்குப் போச்சு, பதினொரு பேரு சேர்க்க ஆளில்லாமப் போச்சு.

எங்கப்பா ஆடின திடலுக்குப் போன மாசம் போனேன். ரோடு எறங்கி மோட்டர்ல கால் மணி நேரம் உள்ள. வரிசை வரிசையா செம்பனை, எது திடல் எது காடுன்னு தெரியல. ஆனா ஒண்ணு மட்டும் கெடந்துச்சு, திடலச் சமப்படுத்த இழுப்பாங்களே அந்தச் சிமெண்டு உருளை. ஆறு பேரு சேர்ந்து கயித்தக் கட்டி இழுக்கறது. தூக்க முடியாததால யாரும் தூக்கல, ரெண்டு மரத்துக்கு நடுவுல பாதி மண்ணுல பொதைஞ்சு பாசி பிடிச்சு அப்படியே கெடக்கு. நடுவுல இருந்த இரும்புக் கம்பிய மட்டும் யாரோ அறுத்து எடைக்குப் போட்டுட்டாங்க. உருளை எப்பவும் கோல் கம்பத்துக்குப் பின்னாடிதான் நிக்கும்னு அப்பா சொல்வாரு. அப்படின்னா நான் நின்ன எடம்தான் அவரு நின்ன எடம். கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

கேள்வி: நம்ம நாட்டுல நம்ம ஆளுங்க எவ்வளவோ பேரு ஆடியிருக்காங்க. அதையெல்லாம் விட்டுட்டு எங்கயோ இருக்கற போர்ச்சுகலுக்கு ஏன் இவ்வளவு பக்கம்? (வாசகர், ரவாங்)

கோவம் புரியுது, நியாயமும் கூட. ஸ்பைடர்மேன்னு பேரு வாங்கின கீப்பர் ஆறுமுகத்த மறந்துட்டு நான் எதையும் எழுத மாட்டேன். 1980-ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென் கொரியாவ 2-1ன்னு சாய்ச்சு மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்க்குத் தேர்வானோமே, ஆப்கானிஸ்தான் பிரச்சனையால போகாம இருந்தோமே, அந்த டீமோட கீப்பர் அவருதான். 1988-ல ரோடு விபத்துல போயிட்டாரு, எங்கப்பா அன்னைக்குச் சாப்பிடல. அவரப் பத்தித் தனியா ஒரு இதழ் முழுக்க எழுத ஆசை, கண்டிப்பா எழுதுவேன்.

ஆனா போர்ச்சுகல் 'எங்கயோ' இல்ல அண்ணே. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, மேஸ்திரி எல்லாம் அவன் விட்டுட்டுப் போன வார்த்தை, நீங்க வீட்டுக்குள்ள போயி ஒரு சுத்து சுத்தினாலே அவன் பேச்சு நாலு தடவ வாயில வந்துடும். 1511-லேருந்து 1641 வரைக்கும் மலாக்காவ வச்சிருந்தான், உஜோங் பாசிர்ல அவங்க வழி வந்தவங்க இன்னைக்கும் இருக்காங்க, ஜூன் மாசம் சான் பெட்ரோ திருவிழா நடத்தறாங்க. மலாய்ல கொடிக்கு பெண்டேரா, வாரத்துக்கு மிங்கு, ரெண்டும் அங்கேருந்து வந்தது. எல்லாத்துக்கும் மேல, நம்ம பசங்க பள்ளிக்கூடத்துல "போலா, போலா"ன்னு கத்தறாங்களே, அந்த போலாவும் போர்த்துகீசிய வார்த்தைதான். பாரெய்ரோவுல பையன் பந்தக் கேட்டா அதே வார்த்தையிலதான் கேப்பான்.

கேள்வி: என் மகன் வேலை விஷயமா ரெண்டு மாசம் லிஸ்பன்ல இருக்கப் போறான். நீங்க எழுதின அந்தத் திடல அவன் போய்ப் பாக்க முடியுமா? (ஒரு அம்மா, பாகான் செராய்)

தாராளமா பாக்கலாம்மா. லிஸ்பன்ல ஆத்தோரமா தெரெய்ரோ தோ பாஸோன்னு ஒரு பெரிய சதுக்கம், அங்கேருந்து பாரெய்ரோவுக்கு ஃபெரி, இருவது நிமிசம் மாதிரிதான். எறங்கினா ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே. திடல் இருக்கற எடம் லவ்ராடியோ, அதே ஊர்ப் பக்கம்தான், அங்க ஒரு சின்ன ஸ்டேஷனும் உண்டு. ஆலை இருந்த வளாகத்துல இப்ப ஒரு மியூசியம் வச்சிருக்காங்க, பழைய மெஷினெல்லாம் இருக்கும். அல்ஃப்ரெடோ டா சில்வாவோட சமாதியும் அந்த ஊருலதான்.

ஒரு விஷயம் மட்டும் மகனுக்குச் சொல்லி அனுப்புங்க. போன்ல கூஃப்னு தேடினா திடல் வராது, ஆஸ்பத்திரிதான் வரும். 1945-ல தொழிலாளிக்குன்னு தொறந்தாங்கன்னு மேல சொன்னேனே, அதுதான் பின்னாடி வளர்ந்து இப்ப போர்ச்சுகல் முழுக்கத் தனியார் ஆஸ்பத்திரி. யாரையாவது கூஃப் எங்கன்னு கேட்டா, பாவம், உடம்புக்கு என்னமோன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டிடுவாங்க. ஃபாப்ரில்னு தேடணும், ஃபாப்ரில்னுதான் கேக்கணும்.

ஆட்டம் இருக்கற ஞாயித்துக்கிழமையா பாத்துப் போகச் சொல்லுங்க. பெரிய ஸ்டேடியம்னு நெனச்சுப் போக வேணாம். எடம் பாத்து வயசானவங்க பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. 1965-ல பத்து வயசுப் பையனா இருந்தவருக்கு இப்ப எழுவது சொச்சம்தான், மிலான் வந்த அன்னைக்குத் திடல்ல இருந்த யாராவது இருப்பாங்க. அவனுக்கு அவங்க பேச்சு புரியலேன்னாலும் மிலான்னு ஒரு வார்த்த சொல்லி ரெண்டு வெரலக் காட்டினா போதும், மத்தத அவங்களே ஆரம்பிச்சுடுவாங்க.

முடிஞ்சா எனக்காக ஒரு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா. ஆளுங்கள எடுக்க வேணாம், கோல் கம்பத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க.